பெரியவங்க சொன்ன சொல்லை நோட்டுல எழுதி வைக்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு, ரங்கூன்லேர்ந்து

எங்க தாத்தா சொன்ன ஒரே ஒரு சொல்லை நான் இருபது வருஷத்துக்கும் மேல தப்பா புரிஞ்சு வச்சிருந்தேன். புரிஞ்சதோட விட்டிருந்தாகூட பரவால்ல, அதை எடுத்து தங்கச்சி மாப்பிள்ளைக்கு அட்வைஸா வேற குடுத்து, அவரு கையில இருந்த காசு முடங்கிப் போயி, ஒரு வருஷம் அவங்க வீட்டுப் பக்கம் தலை காட்ட முடியாம இருந்தேன். அந்தக் கதைய கீழ சொல்றேன். அதுக்கப்புறம்தான் உறைச்சுச்சு, பெரியவங்க சொன்னதை ஞாபகம் வச்சுக்கிறது மட்டும் போதாது, எழுதணும், எழுதுறதுலயும் ஒரு முறை இருக்கு.

இதை முக்கியமா ரங்கூன், பெகு, தன்லின், மோல்மீன் பக்கம் இருக்கிற நம்ம பசங்களுக்குத்தான் எழுதுறேன். வீட்டுல தமிழ் பேசுவோம் ஆனா எழுத வராது, வெளிய பூரா பர்மா பாஷை, தாத்தா பாட்டி சொல்றது பாதி புரியும் பாதி புரியாது, புரியாததைக் கேக்க கூச்சம், கூச்சம் போயி கேக்கலாம்னு நினைக்கிறப்ப அவங்க இருக்க மாட்டாங்க.

மொதல்ல நோட்டு வாங்குங்க

ஃபோன் வேணாம். நானும் ஃபோன்லதான் ஆரம்பிச்சேன், பர்மா எழுத்துல நூத்துக்கும் மேல எழுதி வச்சிருந்தேன், எல்லாம் ஜோஜீ ஃபாண்ட், அதாவது ஃபோன்ல பர்மா எழுத்துக்கு அப்ப இருந்த பழைய முறை, 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுங்கிற உலகப் பொது முறைக்கு மாறுச்சு, நானும் புது ஃபோன் வாங்கினேன், பழசைத் தொறந்து பாத்தா எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நண்டு நடந்த மணல் மாதிரி இருந்துச்சு. கன்வெர்ட்டர் போட்டு மாத்தலாம்தான், பாதி மாத்தினேன், மீதிக்கு பொறுமை இல்ல. அதோட இப்ப கரண்ட் இருக்கிற நிலைமைக்கு சார்ஜ் இருக்கான்னு பாத்துட்டு தாத்தாவ பேசச் சொல்ல முடியாது.

ஸ்கூல் பிள்ளைங்க எழுதுற கோடு போட்ட நோட்டு, கெட்டி அட்டையா பாத்து வாங்குங்க. பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா, மசிப் பேனா வேணாம், மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் இங்க அடிக்கிற மழையில அலமாரிக்குள்ள இருக்கிற சேலையே பூத்துப் போகுது, காகிதம் எம்மாத்திரம். ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டு வைங்க.

இப்ப முக்கியமான விஷயம். இடது பக்கம் மட்டும் எழுதுங்க. வலது பக்கத்தை காலியா விட்டுடுங்க. காகிதம் வீணாப் போகுதேன்னு இருக்கும், எங்கம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. விடுங்க. எதுக்குன்னு பின்னாடி தெரியும்.

எந்த எழுத்துல எழுதுறது

தமிழ் எழுத வந்தா தமிழ்ல. வராட்டி பர்மா எழுத்துலயே தமிழை எழுதுங்க, ஒரு வெக்கமும் வேணாம், எங்க சித்தப்பா அப்படித்தான் தேவாரமே எழுதி வச்சுப் பாடுவாரு. ஒரே சிக்கல், "ழ"வுக்கு பர்மால எழுத்து கிடையாது. "வாழை"யும் "வாளை"யும் ஒண்ணாயிடும், பழமும் பள்ளமும் கொழம்பிடும். நான் "ழ" வர்ற எடத்துல கீழ ஒரு சின்ன கோடு போட்டுப்பேன். நீங்க உங்களுக்குத் தோணுற அடையாளம் வச்சுக்கோங்க, ஆனா நோட்டோட மொதப் பக்கத்துல அது என்ன அடையாளம்னு எழுதி வச்சுடுங்க, நாளைக்கு உங்க புள்ள படிக்கணும்ல.

யாருகிட்ட போறது

மேடையில பேசுறவங்க, சங்கத்துல மாலை வாங்குறவங்ககிட்ட மொதல்ல போகாதீங்க. கெட்டவங்கன்னு சொல்லல. அவங்க பேசிப் பேசி பழகினவங்க, எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு ரெடியா வச்சிருப்பாங்க, அதைத்தான் உங்களுக்கும் எடுத்துக் குடுப்பாங்க. கையால வேலை செஞ்ச ஆளுங்களைத் தேடுங்க. டெய்லர், சமையக்காரர், மாடு வச்சிருந்தவர், வெத்தலைக் கடைக்காரர், பிரசவம் பாத்த பாட்டி. டவுன்ல காளி கோயில் இருக்குல்ல, 1871ல நம்மாளுங்க கட்டினது, அங்க சாமி கும்புட்டுட்டு ஓடி வந்துடாம கொஞ்ச நேரம் ஓரமா உக்காந்து பாருங்க, பூ கட்டுறவங்க, செருப்பு பாத்துக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதுலயே நோட்டுல ஒரு பக்கம் ரொம்பிடும்.

சொந்தத்துல மூத்தவங்ககிட்ட கேக்குறது ஈஸின்னு நினைப்பீங்க. அதுதான் கஷ்டம். சொந்தப் பேரன் கேட்டா உடனே அறிவுரை ஆரம்பிச்சுடும், நேரத்துக்கு சாப்புடு, ஃபோனைக் கீழ வை, கல்யாணம் எப்பன்னு. அதனால பக்கத்து வீட்டுப் பேரனை வச்சு கேக்க விட்டு நீங்க கூட உக்காந்துக்கிறது ஒரு நல்ல தந்திரம், நான் ரெண்டு தடவ செஞ்சிருக்கேன், எங்க அத்தைப்பாட்டி என்கிட்ட சொல்லாததையெல்லாம் அந்தப் பையன்கிட்ட கொட்டினாங்க.

என்ன கேக்கணும், என்ன கேக்கக்கூடாது

"பாட்டி, வாழ்க்கையப் பத்தி ஏதாவது சொல்லுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. அப்படிக் கேட்டா ஒண்ணு சிரிப்பாங்க, இல்லாட்டி பிரசங்கம் வரும். நடந்ததைக் கேளுங்க. "பாட்டி, மொத மொத சொந்தமா சம்பாரிச்ச காசுல என்ன வாங்கினீங்க?" "ஐயா, கூட்டாளி ஏமாத்திட்டுப் போனப்ப அடுத்த நாள் காலையில எந்திரிச்சு என்ன பண்ணீங்க?" "ஆச்சி, மாமியாரோட மொத சண்டை எதுக்கு?" இந்த மாமியார் கேள்வி இது வரைக்கும் ஒரு தடவகூட வீண் போனதில்ல. அப்படிப் பேசிக்கிட்டே வர்றப்ப நடுவுல தானா ஒரு சொல் விழும், சொன்னவங்களுக்கே அது பெரிய சொல்னு தெரியாது, அடுத்த பேச்சுக்குப் போயிடுவாங்க. அதைத்தான் பிடிக்கணும்.

நம்ம ஊருல சில வருஷத்தைச் சொன்னாலே வாய் தொறந்துடும். 1964 மே மாசம் அம்பது, நூறு சாட் (பர்மா காசு) நோட்டு செல்லாதுன்னு சொன்னது, அந்த வருஷத்துலேர்ந்து லட்சக்கணக்கா நம்ம ஜனங்க கப்பலேறி ஊருக்குப் போனது, அப்புறம் 1985ல மறுபடி நோட்டு செல்லாமப் போனது, 1987 செப்டம்பர்ல மூணாவது தடவ. வயசானவங்க இருக்கிற வீட்டுல இதுல ஏதாவது ஒரு கதை கட்டாயம் இருக்கும்.

1942 வேற. ஜப்பான்காரன் வந்தப்ப லட்சக்கணக்கான பேரு மலை ஏறி மணிப்பூர் வழியா நடந்தே இந்தியாவுக்குப் போனாங்க, வழியிலயே ஆயிரக்கணக்குல செத்தாங்க. அந்தக் கதைய நேர்ல பாத்து சொல்ல இன்னைக்கு ரொம்பக் கொஞ்சம் பேருதான், அதுவும் அப்ப சின்னப் புள்ளைங்களா இருந்தவங்க. அவங்களா ஆரம்பிச்சா கேளுங்க. நீங்களா நோண்டாதீங்க. ஒரு தடவ நான் நோண்டி, ஒரு தாத்தா பேச்சை நிறுத்திட்டு சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு, அவரு மக வந்து என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

பர்மாக்காரங்க "ஆநாடே"ம்பாங்கல்ல, அடுத்தவங்க மனசு சங்கடப்படுமேன்னு வாய்விட்டு முடியாதுன்னு சொல்லாம இருக்கிறது, அது நம்ம பெரியவங்களுக்கும் நல்லாவே ஒட்டிக்கிச்சு. அவங்க "வேணாம்"னு சொல்ல மாட்டாங்க. டீ ஆறிப் போச்சே, மழை வர்ற மாதிரி இருக்கேன்னு வேற ஏதாவது சொல்லுவாங்க. அப்ப நோட்டை மூடிடணும்.

எந்த நேரம் நல்ல நேரம்

கரண்ட் போன ராத்திரி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். டிவி இல்ல, ஃபேன் இல்ல, எல்லாரும் வாசல்ல வந்து உக்காந்துடுவாங்க, மூஞ்சி தெரியாத இருட்டுல பெரியவங்க நல்லா பேசுவாங்க. எழுதத்தான் முடியாது, அதனால காதுல வாங்கி, தூங்குறதுக்கு முன்னாடி மெழுகுவத்தி வச்சு எழுதிடணும். காலையில எழுதிக்கலாம்னு விட்டா போச்சு, கருத்து நிக்கும், சொல் பறந்துடும்.

அப்புறம் ததிஞ்ஜுட். அக்டோபர் பௌர்ணமி ஒட்டி பர்மாக்கார வீட்டுல சின்னவங்க பெரியவங்களுக்கு பழம், துண்டு, சோப்பு ஏதாவது கொண்டு போயி குனிஞ்சு கும்புட்டு "கடோ" பண்ணுவாங்க, பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணி நாலு வார்த்தை சொல்லுவாங்க. அன்னைக்கு சொல்ற வார்த்தை வழக்கமா பொதுவான வாழ்த்துதான், ஆனா கொஞ்சம் அதிக நேரம் உக்காந்தீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற பேச்சு வேற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு பர்மாக்கார பாட்டிக்கு நான் வருஷா வருஷம் போறேன், நோட்டுல அவங்களுக்குன்னே எட்டு பக்கம் இருக்கு.

டீக்கடை காலையில நல்லது, மேசையில சும்மா வைக்கிற வெறும் டீ தீர்ந்தா மறுபடி வரும், யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க. வட்ட ரயிலும் நல்லது, ஊரைச் சுத்தி 46 கிலோமீட்டர் கிட்ட, மெதுவாத்தான் போகும், பெரியவங்களுக்கு ஜன்னல் சீட் குடுத்துட்டா ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கதை வரும். கருமாதி வீடு, சொல்லக் கொஞ்சம் சங்கடமா இருக்கு, ஆனா போனவரைப் பத்தி கூட இருந்தவங்க நெசமா பேசுறது அங்கதான்.

எழுதுற முறை

நாலு விஷயம் வேணும். என்ன சொன்னாங்க, யாரு சொன்னாங்க, யாருக்குச் சொன்னாங்க, எப்ப எதுக்குச் சொன்னாங்க.

என்ன சொன்னாங்கங்கிறதை அவங்க வாயில வந்த மாதிரியே எழுதுங்க. பர்மா வார்த்தை கலந்திருந்தா கலந்தபடியே. "அவன் காசு காசுன்னு அலைஞ்சான்"னு பாட்டி சொன்னதை "செல்வத்தின் பின் ஓடினான்"னு மாத்தி எழுதாதீங்க, தயவுசெஞ்சு. அப்படி மாத்தினா அது யாரு வீட்டுப் பாட்டி வேணாலும் ஆயிடும்.

யாருக்குச் சொன்னாங்க, இதை எல்லாரும் விட்டுடுவாங்க, நானும் விட்டேன். அந்தக் கதை இப்ப.

எங்க தாத்தா பெகு பக்கம் நெல்லு வச்சிருந்தவர். "நோட்டை நம்பாதே, நாத்தை நம்பு"ன்னு ஒரு சொல் அவர் பேர்ல எங்க வீட்டுல இருக்கு. நான் சின்ன வயசுலயே கேட்டது, நோட்டு ஆரம்பிச்சப்ப மொதப் பக்கத்துல எழுதினதே அதுதான், "தாத்தா சொன்னது"ன்னு மட்டும் போட்டு. காசா வச்சுக்காதே, நெலமா வச்சுக்கோ, அதுதான் அர்த்தம்னு நானா முடிவு பண்ணிட்டேன், பாக்கவும் அப்படித்தான இருக்கு. தங்கச்சி மாப்பிள்ளை ஃபோன் ரிப்பேர் கடை வைக்க காசு சேத்து வச்சிருந்தாரு. நான் பெரிய மனுஷன் மாதிரி நோட்டைத் தொறந்து காட்டி, தாத்தா வாக்கு இதுன்னு சொல்லி, ஊருக்கு வெளிய ஒரு மனை வாங்க வச்சேன். வாங்கின மறு வருஷம் அவங்கம்மாவுக்கு ஆபரேஷன். மனைய விக்கவும் முடியல, விட்ட கடைய வைக்கவும் முடியல. அவரு ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு நாள், அந்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டப்ப, அத்தைப்பாட்டி சொன்னாங்க. 1987 செப்டம்பர், இருபத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு சாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு ரேடியோல சொன்னாங்க, இந்தத் தடவ மாத்தியும் குடுக்கல. அத்தைப்பாட்டி வீட்டுக்காரரு அப்பதான் ஒரு ஜோடி மாடு வித்து, காசை பூரா எழுபத்தஞ்சு சாட் நோட்டா தகரப் பெட்டியில வச்சிருந்தாரு. ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம களத்துல படுத்தே கெடந்தாரு, கெணத்துப் பக்கம் பாத்துக்கிட்டே இருந்தாருன்னு பாட்டி சொல்றப்ப குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தாத்தா வந்து பக்கத்துல உக்காந்து, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, வயலைக் காட்டி சொன்னதுதான் அது. நட்ட நாத்து பச்சையா நிக்குது பாரு, நோட்டை நம்பாதே, நாத்தை நம்பு, எந்திரி.

"எந்திரி"ங்கிற வார்த்தை எங்க வீட்டுக்கு வந்து சேரவே இல்ல. வழியில எங்கயோ விழுந்துடுச்சு. காசை என்ன பண்றதுன்னு சொன்ன சொல்லே இல்ல அது, எல்லாம் போச்சுன்னு படுத்துட்ட ஒரு ஆளை எழுப்ப சொன்ன சொல். அதை நான் கையில காசோட நிமிந்து நின்ன ஒரு ஆளுகிட்ட சொல்லி அவரைப் படுக்க வச்சுட்டேன்.

இப்ப வலது பக்கம் எதுக்குன்னு புரிஞ்சிருக்கும். அந்த மொதப் பக்கத்துக்கு எதிர்ல இருந்த காலி பக்கத்துலதான் பாட்டி சொன்னதை எழுதினேன். பின்னாடி தெரியவர்றது, வேற ஒருத்தர் அதையே வேற மாதிரி சொன்னா அது, நீங்க அதைப் பயன்படுத்தி என்ன ஆச்சுங்கிறது, எல்லாம் வலது பக்கம், தேதி போட்டு. சில பக்கம் வருஷக்கணக்கா காலியாவே இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

ரெக்கார்ட் பண்ணலாமா? கேட்டுட்டுப் பண்ணுங்க. மறைச்சு வச்சு பண்ணாதீங்க, அவ்ளோதான்.

பர்மாச் சொல்லையும் சேருங்க

சில பேரு தமிழ்ச் சொல் மட்டும்தான் எழுதுவேன்னு பிடிவாதம் பிடிப்பாங்க. எனக்கு அது சரியாப் படல, நம்ம பெரியவங்க வாழ்ந்ததே ரெண்டு பாஷைக்கு நடுவுல. நாம "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி"ன்னு சொல்றதை பர்மாக்காரங்க எருமைகிட்ட யாழ் வாசிச்ச மாதிரின்னு சொல்லுவாங்க. நமக்கு ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம், அவங்களுக்கு ஒரு மீன் அழுகினா படகு மீன் பூரா அழுகல். பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. நம்ம சொல்லுல கோயில் சங்கும் பால் குடமும் இருக்கு, அவங்க சொல்லுல வயலும் ஆறும் இருக்கு. தெளிஞ்ச தண்ணி, எளம் புல்லு இருக்கிற எடம்னு ஒண்ணு சொல்லுவாங்க, பொழைக்க நல்ல எடம் தேடிப் போறதுக்கு. எங்க வீட்டுல "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு"ன்னு ஔவையார் சொன்னதை அடிக்கடி சொல்லிப்பாங்க, ஆனா எங்க சின்னத்தாத்தா ஏன் இந்த ஊருக்கு வந்தோம்னு கேட்டா அதைச் சொல்ல மாட்டாரு, புல்லு கதையத்தான் சொல்லுவாரு, "திரவியமா? புல்லுக்குத்தான்டா வந்தோம்"னு.

புத்தர் சொன்ன மங்கல சூத்திரத்துல 38 மங்கலம் இருக்கு, பர்மாக்காரப் புள்ளைங்க சின்னதுலயே மனப்பாடம் பண்ணிடுவாங்க. அதுல மொதல் ரெண்டு, மூடனோட சேராதே, அறிவுள்ளவனோட சேரு. திருக்குறள்ல "பெரியாரைத் துணைக்கோடல்" 45ஆவது அதிகாரம், "சிற்றினம் சேராமை" 46ஆவது, பக்கத்துப் பக்கத்துல. இதை நான் நோட்டுல எழுதுறப்ப எனக்குள்ள ஒரே சந்தோஷம், ஏதோ ரெண்டு பக்கத்து சொந்தக்காரங்களையும் ஒரே பந்தியில உக்கார வச்ச மாதிரி.

குறளை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது

1330 குறளையும் ஒண்ணுலேர்ந்து படிக்கிறேன்னு ஆரம்பிச்சா பத்தாவது குறள்ல நின்னுடுவீங்க, நான் நின்னேன். 42ஆவது அதிகாரம் "கேள்வி"லேர்ந்து ஆரம்பிங்க. இது கேள்வி கேக்குற கேள்வி இல்ல, காதால கேக்குறது, நாம பண்ற வேலையேதான். படிக்காட்டியும் பரவால்ல, படிச்சவங்க சொல்றதைக் கேளுன்னு அதுல ஒரு குறள் இருக்கு, தமிழ் எழுதப் படிக்க வராத நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப தெம்பா இருக்கும். எனக்குப் பிடிச்சது 415:

இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே
ஒழுக்கம் உடையார்வாய்ச் சொல்

வழுக்குற எடத்துல ஊனிக்கிற கோல் மாதிரி, ஒழுக்கமானவங்க வாயில வர்ற சொல். ஜூலை மாசம் பாசி பிடிச்ச சந்துல நடந்தவங்களுக்கு இதுக்கு உரையே வேணாம். இதுல நான் கவனிச்சது ஒண்ணு இருக்கு, கோலை ஊனிக்கிட்டு நாமதான் நடக்கணும், கோல் நம்மளைத் தூக்கிட்டுப் போகாது. அதோட காஞ்ச எடத்துல கோலை ஆட்டிக்கிட்டே நடக்குறவன் அடுத்தவன் காலைத்தான் தட்டி விடுவான், நான் மாப்பிள்ளைக்குப் பண்ண மாதிரி.

ஒரு வாரத்துக்கு ஒரு குறள் போதும். வீட்டுல யாராவது தமிழ் தெரிஞ்சவங்களை வாசிக்கச் சொல்லிட்டு, "உங்களுக்கு இது எப்பவாவது நடந்திருக்கா?"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதை எழுதுங்க. உரைய புத்தகத்துல எப்ப வேணாலும் படிச்சுக்கலாம், அவங்க சொல்றது எந்தப் புத்தகத்துலயும் வராது.

ஃபோன்ல வர்றதை என்ன பண்றது

காலையில எந்திரிச்சா சூரியன் படம், ரோஜாப் படம், கீழ புத்தர் சொன்னார், விவேகானந்தர் சொன்னார், அப்துல் கலாம் சொன்னார். அதுல பாதி அவங்க சொன்னதுதானான்னு எனக்கு சந்தேகம். தப்பான பேரு போட்டிருந்தா சொல் கெட்டுப் போயிடுமான்னு கேப்பீங்க. சொல் கெடாது, ஆனா நான் மேல சொன்ன நாலு விஷயத்துல மூணு அதுல இருக்காது, யாரு, யாருக்கு, எப்ப, ஒண்ணும் இருக்காது. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" திருக்குறள்னு போட்டு எனக்கே ரெண்டு தடவ வந்திருக்கு. அது கணியன் பூங்குன்றனார், புறநானூறு 192ஆவது பாட்டு. அந்தப் பாட்டை முழுசா படிச்சா பெரிய ஆத்துல தண்ணி போற வழியில போற தெப்பம் மாதிரி உயிரு போகுதுன்னு வரும், ஐராவதி ஆத்துல மூங்கில் தெப்பம் மிதந்து போறதைப் பாத்தவங்களுக்கு அந்த வரி எங்க போயி தொடும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒத்த வரிய மட்டும் படத்துல போட்டா இது எப்படிக் கெடைக்கும்?

அதனால நான் வச்சிருக்கிற வழக்கம், ஃபோன்ல வந்ததுல பிடிச்சது இருந்தா நோட்டோட கடைசிப் பக்கத்துல பென்சில்ல எழுதுவேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சா பேனால எழுதி உள்ள கொண்டு வருவேன். கண்டுபிடிக்கலன்னா பென்சில்லயே கெடக்கும். சொந்தக்காரங்க குரூப்ல போயி "இது தப்பு மாமா"ன்னு மட்டும் சொல்லாதீங்க, பலன் இல்ல, அனுபவத்துல சொல்றேன்.

ஒண்ணுக்கொண்ணு முட்டுனா

முட்டும். ஆறு மாசத்துல உங்க நோட்டுலயே "பதறாத காரியம் சிதறாது"ன்னு ஒரு பக்கமும் "காத்துள்ள போதே தூத்திக்கோ"ன்னு ஒரு பக்கமும் இருக்கும், அதுவும் ஒரே ஆளு சொன்னதா இருக்கும். ஒண்ணை அடிச்சுடாதீங்க. எங்க பெரியம்மா இந்த ரெண்டையும் சொன்னவங்க, மொதல்ல சொன்னது அவசரக்காரனான மூத்த மகனுக்கு, ரெண்டாவது சொன்னது எதுக்கும் நகராத சின்ன மகனுக்கு. ரெண்டு மகனும் சேந்து உக்காந்து "அம்மா மாத்தி மாத்திப் பேசுவாங்க"ன்னு இன்னைக்கும் குறை சொல்லிக்கிட்டு இருக்காங்க, அது தனிக் கூத்து.

எடுத்துப் பயன்படுத்துறப்ப

மொதல்ல உங்களுக்கே. ஒரு கஷ்டம் வர்றப்ப நோட்டைப் புரட்டி, என் நிலைமையில இருந்த ஆளுக்கு யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. சொல் அழகா இருக்கான்னு பாக்காதீங்க, அந்த ஆளு நெலமை உங்க நெலமை மாதிரி இருக்கான்னு பாருங்க. இருந்தா செஞ்சு பாத்துட்டு என்ன ஆச்சுன்னு வலது பக்கம் எழுதுங்க, சரிப்பட்டு வரலன்னாலும் எழுதுங்க.

அடுத்தவங்களுக்குச் சொல்றதுன்னா, அவங்க கேட்டா மட்டும். கேட்டாலும் சொல்லை மட்டும் தூக்கிப் போடாம கதையோட சொல்லுங்க. தங்கச்சி மாப்பிள்ளைகிட்ட நான் கடைசியில அப்படித்தான் போனேன், நோட்டை எடுத்துட்டுப் போயி அந்த வலது பக்கத்தைப் படிச்சுக் காட்டினேன், களத்துல படுத்திருந்தது, கெணறு, எந்திரின்னது, எல்லாம். கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "தாத்தா சரியாத்தான் சொல்லியிருக்காரு மச்சான், நீங்கதான் ஆளை மாத்திட்டீங்க"ன்னாரு. தங்கச்சி உள்ள போயி மொகிங்கா, நம்ம ஊரு மீன் குழம்பு நூடுல்ஸ், கொண்டு வந்து வச்சா. இப்ப அவரு சின்னதா ஒரு மேசை போட்டு, டீக்கடை வாசல்லயே ஃபோன் ரிப்பேர் பாக்குறாரு.

நோட்டு ரொம்பினா ஒரு காப்பி எடுத்து வேற வீட்டுல வைங்க, ஒரே வீட்டுல ரெண்டும் இருக்கக் கூடாது, தண்ணி, தீ, கரையான் எல்லாம் இருக்குற ஊரு இது. என்னோடது மூணாவது நோட்டு ஓடுது. அதுல இருபத்தி நாலாவது பக்கத்துல, "கரை ஏறுனவன் படகைத் திட்டக் கூடாது"ன்னு தாத்தா சொன்னதா அத்தைப்பாட்டி சொன்னது இருக்கு. யாருக்குச் சொன்னாருன்னு கேட்டா பாட்டி வெத்தலைய மடிச்சு வாயில போட்டுட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. மோல்மீன்ல சின்னத்தாத்தா இருக்காரு, அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மழை விட்டதும் போறேன்.